கடைமடைக்கு வந்ததா?

வேலூர் ரோடு வழியாக திருவண்ணாமலைக்குப் போனால், ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே வேங்கிக்கால் வந்துவிடும். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம். 'மலைக்குப் போறவங்க இன்னும் உட்காருங்க, மனு கொடுக்கப் போறவங்க இறங்குங்க' என்று ஒரு கண்டக்டர் கூவியதைக் கேட்டிருக்கிறேன்.

என் பெரியம்மா மகள் வீடு அங்கேதான். போன மாதம் போயிருந்தேன். அக்கா கதவைத் திறந்தாள், சிரித்தாள், உட்காரச் சொல்லி நாற்காலியைக் கையால் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏதோ கோபம் என்று பயந்துவிட்டேன். போன விசேஷத்துக்கு வராமல் போனது ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் அலமாரியிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: 'குரல் போச்சு. டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டார்.'

அக்கா டீச்சர். இருபத்தாறு வருஷமாக மூன்றாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள், அவர்களுக்கு மேலே சுற்றுகிற ஒரு ஃபேன், ஜன்னலுக்கு வெளியே லாரி ஹாரன். இத்தனையையும் தாண்டி ஏழாம் வாய்ப்பாடு கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டும். குரல்நாண்களில் காய்ப்பு விழுந்துவிட்டது. கடப்பாரை பிடிக்கிற கையில் காய்ப்புக் காய்க்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

யோசித்துப் பாருங்கள். பேசும்போது நம் தொண்டைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. பெண்களுக்கு நொடிக்குச் சுமார் இருநூறு முறை. விட்டுவிட்டுப் பேசியதையெல்லாம் கூட்டி ஒரு மணி நேரம் வந்தால் மோதல்களின் எண்ணிக்கை 7,20,000. இது ஒரு நாள் கணக்கு. இருபத்தாறு வருஷத்துக்குப் பெருக்க என் கால்குலேட்டரில் இடம் இல்லை.

வீட்டில் இன்னொருவனும் இருந்தான். அக்கா பையன். இ.என்.டி.யில் எம்.எஸ். படிக்கிறான். லீவுக்கு வந்தவன் லேப்டாப்பில் மூழ்கிக் கிடந்தான். "என்னடா மாப்ளே பண்றே?" என்றேன்.

"ஒரு பேப்பர் மாமா. தொண்டை, குரல் சம்பந்தமா இதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியிலேயே அதிகமா செல்வாக்கு உள்ள நூறு எதுன்னு லிஸ்ட் போடறேன்."

"செல்வாக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"சைட்டேஷன். அந்தக் கட்டுரையை எத்தனை பேர் தங்களோட கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு எண்ணுவோம். அதிகம் வாங்கினது முதல் இடம்."

அக்கா சமையலறை வாசலில் நின்று, பேச முடியாமல், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் மருத்துவத்தின் மிகப் பெரிய சாதனைகளை மகன் எண்ணுகிறான். அடுத்த அறையில் அம்மாவுக்குக் குரல் இல்லை. சினிமாவில் வந்தால் 'ஓவர்' என்போம். வீட்டில் நடந்தால் என்ன சொல்வது?

*

எனக்கு உடனே ஞாபகம் வந்தது மொய் நோட்டு.

நம் கல்யாணங்களில் பந்தல் வாசலில் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை. மறுநாள் காலையில் வீட்டுப் பெரியவர் கூட்டிப் பார்த்து, 'நம்ம ஆளுங்க விட்டுக் கொடுக்கலை' என்பார். அந்தக் கூட்டுத்தொகைக்கு நிச்சயம் ஓர் அர்த்தம் உண்டு. அந்தக் குடும்பம் எத்தனை வீடுகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது என்பதை அது சொல்லும். பெண்ணும் பிள்ளையும் நன்றாக வாழ்வார்களா என்பதை மட்டும் சொல்லாது.

சைட்டேஷன் என்பது அறிஞர்கள் எழுதுகிற மொய். நீ எனக்கு வைத்தாய், நான் உனக்கு வைக்கிறேன் என்பது அங்கேயும் உண்டு. தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. அதற்கு 'செல்ஃப் சைட்டேஷன்' என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த நோட்டைப் போட்டவர் அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு. 1955-ல் யோசனையைச் சொன்னார். 1964-ல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' புத்தகமாகவே வந்தது. யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? வக்கீல்களிடமிருந்து. ஒரு தீர்ப்பைப் பிறகு எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று அமெரிக்க வக்கீல்கள் அட்டவணை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் விஞ்ஞானத்துக்கும் செய்தார். அவர் முக்கியமாக நினைத்தது, ஒரு கருத்து யார் யார் கைக்குப் போனது என்று தேடிக் கண்டுபிடிக்க ஒரு வழி. தேடுவதற்குச் செய்த நோட்டு, நாளடைவில் தரம் பிரிக்கிற தராசாகிவிட்டது. இன்றைக்கு வேலை, பதவி உயர்வு, மானியம் எல்லாவற்றிலும் அந்தத் தராசு வந்து நிற்கிறது.

தராசு என்ன சொல்கிறது? 2014-ல் 'நேச்சர்' பத்திரிகை, எல்லாத் துறைகளையும் சேர்த்து அதிகம் மேற்கோள் பெற்ற நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதல் இடம் எது? ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க 1951-ல் ஆலிவர் லௌரி சொன்ன முறை. மூன்று லட்சத்துக்கும் மேலே மொய். அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று லௌரியே ஒப்புக்கொண்டவர். உயிரின் ரகசியத்தைத் திறந்துகாட்டிய, வாட்சனும் கிரிக்கும் 1953-ல் எழுதிய டி.என்.ஏ. கட்டுரை அந்த நூறில் எங்கே? இல்லை. நூறுக்குள்ளேயே வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 1998-ல் 'லான்செட்'டில் வந்த கட்டுரை, பிறகு தவறு என்று 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுத்து எழுதியவர்களும் அதைத்தான் மேற்கோள் காட்ட வேண்டியிருந்தது. திட்டுவதற்கு வந்தாலும் மொய், மொய்தான்.

*

"அப்போ உன் லிஸ்ட்ல மானுவேல் கார்ஸியா இருக்காரா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். டாக்டர் இல்லாத எனக்குத் தெரிந்த ஒரே தொண்டை டாக்டர் அவர்தான். அவரும் டாக்டர் இல்லை.

கார்ஸியா பாட்டு வாத்தியார். ஸ்பெயின்காரர். உயிரோடு இருக்கிற மனிதனின் குரல்வளை பாடும்போது என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தீராத ஆசை. 1854-ல் பாரீசில் நடந்துகொண்டிருந்தபோது கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறித்தது. பொறி தட்டியது. பல் டாக்டர்கள் வைத்திருக்கிற குட்டிக் கண்ணாடியை வாங்கி, வெந்நீரில் சூடாக்கி, தன் தொண்டைக்குள் விட்டார். இன்னொரு கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன் மேல் திருப்பினார். தன் குரல் பிறக்கிற இடத்தைத் தானே பார்த்தார். மறு வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாகப் படிக்கப்பட்டது. மருத்துவர்கள் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சில வருஷம் கழித்து வியன்னாவில் ட்யூர்க், பிறகு செர்மாக் என்று இரண்டு மருத்துவர்கள் அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்து, 'நான்தான் முதல்' என்று சண்டையும் போட்ட பிறகுதான் ஒரு துறையே பிறந்தது.

மாப்பிள்ளை தேடிப் பார்த்துவிட்டு, "இல்ல மாமா, நூறுக்குள்ள வரல" என்றான். "ஆனா, நாங்க தினம் ஓ.பி.யில கண்ணாடி வெச்சுப் பார்க்கிறோம். அதுக்கு யாரும் கார்ஸியா பேரைப் போடறதில்ல."

நான் பி.காம். எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு மிஷினை வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஒரு நாள் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். ஆனால் ஃபேக்டரிக்குள் போய்ப் பார்த்தால் மூலையில் அந்தக் கிழட்டு மிஷின்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தினால் மொத்த ஃபேக்டரியும் நின்றுவிடும்.

அறிவும் அப்படித்தான். ரொம்பப் பெரிய விஷயம் எல்லோருக்கும் சொந்தமாகிவிடுகிறது. சொந்தமானதும் மேற்கோள் நின்றுவிடுகிறது. அம்மா கற்றுக்கொடுத்த ரசத்துக்கு யாராவது அடிக்குறிப்பு போடுகிறார்களா?

இதே கார்ஸியாவிடம் 1841-ல் ஜென்னி லிண்ட் என்ற ஸ்வீடன் பாடகி, பாடிப் பாடித் தேய்ந்துபோன குரலோடு வந்து நின்றாள். அவர் சொன்ன முதல் வைத்தியம்: சில வாரங்களுக்கு வாயைத் திறக்காதே. அக்காவின் சிலேட்டைப் பார்த்தேன். 180 வருஷத்துக்கும் மேலான பழைய மருந்துச்சீட்டு, வேங்கிக்காலில் இன்னும் செல்லுபடியாகிறது.

*

இந்த இடத்தில் 'ஆகவே எண்ணிக்கை என்பது ஏமாற்று' என்று முடித்துவிட்டால் எனக்கும் வசதி, உங்களுக்கும் வசதி. மாப்பிள்ளை விடவில்லை.

"எண்ணாம எப்படி மாமா? அதுக்கு முன்னாடி என்ன இருந்தது? பெரிய டாக்டர் சொன்னா வேதம். அவருக்குப் பிடிச்சவன் ஆராய்ச்சி பெரிசு, பிடிக்காதவன் குப்பை. இப்ப எங்கயோ ஒரு மூலையில இருக்கிறவன் எழுதினாலும் நம்பர் காட்டிக் கொடுத்துரும்."

உண்மைதான். 1974-ல் ஜப்பானில் குருமே என்ற ஊரிலிருந்து மினோரு ஹிரானோ ஒரு கட்டுரை எழுதினார். குரல்நாண் என்பது வெறும் தசைப் பட்டை இல்லை, பல அடுக்குகள். உள்ளே தசை, மேலே பாலின் மேல் ஆடை மாதிரி மெத்தென்று வழுக்கி அலைகிற உறை. அந்த அலைதான் குரல் என்றார். அதன் பிறகு அறுவை சிகிச்சை செய்கிறவர்கள், மொத்தமாக உரித்தெடுப்பதை விட்டு, ஆடையை மட்டும் பூப்போலத் தொடக் கற்றார்கள். நியூயார்க்கும் இல்லாத, லண்டனும் இல்லாத ஓர் ஊரிலிருந்து வந்த யோசனை உலகம் முழுக்கப் போனதற்கு மேற்கோள்கள்தான் சாட்சி.

"சரிடா. செல்வாக்குன்னா யார்கிட்ட செல்வாக்கு?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்விக்கு அவன் துறையிலேயே ஓர் அழகான பதில் இருக்கிறது. குரல் கெட்டிருக்கிறதா என்று எப்படி முடிவு செய்வது? ஒரு முறை, டாக்டர் காதால் கேட்டு மார்க் போடுவது. கரகரப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. அதைப் பரப்பியவரும் ஹிரானோதான். இன்னொரு முறை 1997-ல் அமெரிக்காவில் வந்தது. நோயாளியிடமே முப்பது கேள்விகள். சத்தமான இடத்தில் நான் பேசுவது புரிகிறதா, குரலால் மனசு கஷ்டப்படுகிறதா, வேலை கெடுகிறதா என்கிற மாதிரி. மொத்தம் 120 மார்க். ஒன்று, கேட்கிறவன் தீர்ப்பு. மற்றது, அந்தக் குரலோடு வாழ்கிறவன் தீர்ப்பு.

இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நமக்குத் தெரிந்த உதாரணமே உண்டு. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார். பழைய குரல் பிழைக்கவில்லை. டாக்டர் காது போடும் மார்க் என்னவாக இருந்திருக்கும்? ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். பத்து வருஷம் கழித்து அதே குரலோடு முதல்வரானார். கேட்டவர்களுக்கு வார்த்தை தெளிவில்லாமல் இருந்தது, விஷயம் தெளிவாக இருந்தது.

உடனே, 'ஜனங்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு' என்று குதித்துவிடவும் முடியாது. ஜனங்கள் ஏற்றுக்கொண்டதாலேயே ஒரு வைத்தியம் உண்மையாகிவிடாது. அப்படியானால் டிவியில் லேகியம் விற்கிறவர்தான் நாட்டின் தலைசிறந்த ஆராய்ச்சியாளர்.

இதே திருவண்ணாமலையையே பாருங்கள். 1896-ல் பதினாறு வயதில் வந்து சேர்ந்த ஒரு பையன் வருஷக்கணக்கில் பேசவே இல்லை. கேட்டவர்களுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டினார். ரமணரைப் பற்றி பால் பிரண்டன் 1934-ல் புத்தகம் எழுதிய பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பிரண்டனின் புத்தகம் மேற்கோள். அது எழுதப்படுவதற்கு முந்தைய வருஷம் ரமணர் சின்னவராக இருந்தாரா என்ன? மேற்கோள், ஒருவரின் உயரத்தை உண்டாக்குவதில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறார் என்பதைத்தான் சொல்கிறது.

*

அக்கா அதற்குள் சிலேட்டில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள்: 'அந்த நூறுல எனக்கு எது?'

மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது. நல்ல பையன். நூறு கட்டுரைகளையும் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எந்த நாடு, எந்த வருஷம், எந்தப் பத்திரிகை என்று பத்துப் பத்தியில் எக்செல் போட்டவன். 'யாருக்கு' என்று ஒரு பத்தி அதில் இல்லை.

வேங்கிக்காலில் ஓர் ஏரி இருக்கிறது. 'கால்' என்றாலே தமிழில் வாய்க்கால் என்றும் ஒரு பொருள் உண்டு. ஏரிப் பாசனத்தில் இரண்டு கணக்கு. மதகில் எவ்வளவு திறந்தார்கள் என்பது ஒன்று. அது ரிஜிஸ்தரில் இருக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பது இன்னொன்று. அது பயிரில் இருக்கும். முதல் கணக்கு இல்லாமல் இரண்டாவது நடக்காது. ஆனால் முதல் கணக்கை வைத்து இரண்டாவதை யாராவது சொன்னால், கடைமடை விவசாயி சிரிப்பான்.

புற்றுநோயால் குரல்வளையையே எடுத்துவிட்டவர்களைப் பேச வைக்க, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் பொருத்துகிற ஒரு சின்ன வால்வை 1980-ல் சிங்கர் என்ற சர்ஜனும் ப்ளோம் என்ற பேச்சு நிபுணரும் கொண்டுவந்தார்கள். மதகு திறந்தது. ஆனால் இங்கே அந்த இறக்குமதிச் சாதனம் ஆயிரக்கணக்கில் விலை. அவ்வப்போது மாற்றவும் வேண்டும். பீடி சுற்றியே பிழைத்து, பீடி பிடித்தே குரலை இழந்த ஒருவர் அதை எப்படி வாங்குவார்? 2015 வாக்கில் பெங்களூரு புற்றுநோய் சர்ஜன் விஷால் ராவ், 'ஓம்' என்று பெயர் வைத்து அதே வேலையைச் செய்கிற ஒரு சாதனத்தை ஐம்பது ரூபாய்க்குக் கொடுக்க முன்வந்தார். யோசனை என்று பார்த்தால் 1980-ல் வந்ததுதான். பட்டியல் போடுகிறவர்கள் முதல் கண்டுபிடிப்புக்குத்தான் இடம் தருவார்கள். கடைமடையில் நிற்கிறவருக்கு ஐம்பது ரூபாய்தான் கண்டுபிடிப்பு.

மாப்பிள்ளை அன்று ராத்திரி தூங்கவில்லை. காலையில் காபியோடு வந்து, "அம்மாவுக்கு ஒண்ணு கிடைச்சுது மாமா" என்றான்.

2002-ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெல்சன் ராய் குழுவினர் செய்த ஆராய்ச்சி. குரல் கெட்டுப்போன 44 ஆசிரியர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இடுப்பில் மாட்டுகிற சின்ன மைக் செட். இன்னொரு குழுவுக்குக் குரலைப் பராமரிக்க அறிவுரை. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஆறு வாரம். மைக் மாட்டியவர்களுக்கு நல்ல முன்னேற்றம். அளந்தது எதை வைத்து? அந்த 1997-ம் வருஷத்து முப்பது கேள்விகளை வைத்து.

"பாத்தீங்களா மாமா, அந்த முப்பது கேள்விக் கட்டுரை என் லிஸ்ட்ல மேலயே இருக்கு. அதை இவங்க சைட் பண்ணியிருக்காங்க. அதனாலதான் அம்மாவுக்கு மைக்னு எனக்குத் தெரிஞ்சுது. மொய்னு கிண்டல் பண்ணீங்களே!"

தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறேன். மேற்கோள் என்பது வெறும் மொய் மட்டும் இல்லை. சில சமயம் அதுவே வாய்க்காலும்கூட. மதகிலிருந்து மடைக்கு, மடையிலிருந்து அடுத்த மடைக்கு. ஆனால் கடைசி வாய்க்காலை வெட்டியது எந்த மேற்கோளும் இல்லை. தன் அம்மா சிலேட்டில் எழுதிக் கேட்டாள் என்பதற்காக ஒரு பையன் ராத்திரி முழுக்க வெட்டியது. அந்த மாதிரி ஒரு மகன் இல்லாத டீச்சர்கள் எத்தனை ஊரில் எத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள்? அறிவு இருந்தும் வந்து சேராமல் போவதற்கு யார் பொறுப்பு? எழுதியவரா, எண்ணியவரா, ஸ்கூல் நடத்துகிறவரா? எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. ஆனால் 'செல்வாக்கு' என்ற சொல்லை உபயோகிக்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

திருவண்ணாமலையில் விசேஷங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அக்காவுக்கு வேண்டியது இடுப்பளவு மைக். வாங்கியாகிவிட்டது. முதல் நாள் பிள்ளைகள் 'மிஸ் கண்டக்டர் ஆயிட்டாங்க' என்று சிரித்தார்களாம்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். குரல் இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் சிலேட்டு அலமாரிக்குள் போய்விட்டது.

"ஏன்டா தம்பி, அந்த ஆராய்ச்சியில ஒரு குழுவுக்கு ஒண்ணுமே குடுக்கலைன்னானே இவன், அவங்க என்ன ஆனாங்க?"

"அவங்களுக்கு அந்த ஆறு வாரத்துல பாதிப்பு இன்னும் அதிகமாச்சாம் அக்கா. அதை வெச்சு ஒப்பிட்டுத்தான் மைக் நல்லதுன்னு தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்போ அவங்களும் டீச்சருங்கதானே. அந்த நிலைமையிலயும் தினம் கிளாஸ் எடுத்திருப்பாங்க இல்ல?" என்றாள். "அவங்க பேரு எங்கயாவது போட்டிருக்கா?"

போட்டிருக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கு உட்பட்டவர்கள் பெயரை வெளியிடக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். எழுதியவர் பெயர் இருக்கும், எடுத்துக்காட்டியவர் பெயர் இருக்கும். தன் குரலை ஆறு வாரம் பணயமாக வைத்தவர் பெயர் எந்த நோட்டிலும் இருக்காது.

மாப்பிள்ளை தன் எக்செல்லில் பதினோராவது பத்தி ஒன்று சேர்த்திருக்கிறான். தலைப்பு: 'யாருக்கு?' நூறில் பாதிக்குமேல் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். நிரப்பிக்கொண்டிருக்கிறான்.